வராதவனும் சுழியம் பெற்றவனும் ஒருவரல்லர்



பள்ளிப் பயன்பாட்டிற்கெனச் சிறு மென்பொருள்களைத் தாமே எழுதிக்கொள்ளும் ஆசிரியர்கள் நம்மிடையே இருக்கின்றனர். இடைநிலைப்பள்ளியில் கணினி அறிவியல் பயிலும் பிள்ளைகளும் மாணவர் பதிவேட்டையே செயல்திட்டமாக எடுத்துக்கொள்வதுண்டு. அவர்கள் தொடக்கத்திலேயே செய்துவிடும் ஒரு தெரிவைப் பற்றி இங்கு எழுத விழைகிறேன்.

தரவுத்தளத்தில் மாணவர் விவரம் அட்டவணையாகக் கிடக்கிறது. ஒரு மாணவருக்கு ஒரு வரி. பொருள்நோக்கு நிரலில் அவ்வரியை எவ்வாறு ஏந்துவது? எந்த அட்டவணையின் வரியையும் வாங்கிக்கொள்ளும் ஒரே வகையான பொதுப் பதிவில் இட்டு, 'பெயர்', 'புள்ளி' என நெடுவரிசையின் பெயர் சொல்லிக் கேட்டு எடுப்பது ஒரு வழி. 'மாணவன்' என்றே தனிக் கிளாஸ் எழுதுவது இன்னொரு வழி. (கிளாஸ் என்பதைத் தமிழில் வகுப்பு என்பர். பள்ளிக்கூடத்தில் அச்சொல் குழப்பும் என்பதால் அப்படியே விடுகிறேன்.) அட்டவணைக் கோட்பாட்டை எட்கர் காட் 1970-இல் வெளியிட்டார், பொருள்நோக்குச் சிந்தனையோ 1960-களில் நார்வேயில் உருவான சிமுலா மொழியிலிருந்து வளர்ந்தது. வெவ்வேறு குடியில் பிறந்து சம்பந்திகளானவர்கள். பூசல் இன்னும் ஓயவில்லை.

பொதுப் பதிவு எளிது. அட்டவணையில் புதிய நெடுவரிசை சேர்த்தால் திரையில் அது தானே தோன்றும். நாற்பது அட்டவணைக்கு நாற்பது கிளாஸ் எழுதும் சலிப்பும் இல்லை. ஆயினும் பிள்ளையைப் பற்றி முடிவு செய்யும் இடத்தில் அது போதாது என்பதே என் கருத்து.

புள்ளியை எடுத்துக்கொள்வோம். தேர்வுக்கு வராத மாணவனின் கட்டம் தரவுத்தளத்தில் வெறுமையாக, அதாவது 'நல்' ஆக இருக்கும். ஜாவாவின் ஜே.டி.பி.சி. வழியாக அக்கட்டத்தை 'கெட்இன்ட்' கொண்டு முழு எண்ணாகக் கேட்டால் 0 என்றே விடை வரும். உண்மையில் வெறுமைதானா என்பதை 'வாஸ்நல்' என்று மறுபடியும் கேட்டறிய வேண்டும். கேட்க மறந்தால் காய்ச்சலில் படுத்திருந்த பிள்ளை சுழியம் வாங்கியவனாகிறான். மூவரில் இருவர் 80, 70 பெற்று ஒருவர் வராவிட்டால் சராசரி 75. சுழியத்தையும் கூட்டினால் 50. அந்த 50-ஐ வைத்துத்தான் குறைநீக்கல் போதனைக்குப் பெயர்ப்பட்டியல் தயாராகும்! 'வந்தானா' என்ற வினாவைக் கிளாஸ் தனக்குள்ளேயே சுமந்திருந்தால், சராசரி கணக்கிடுபவர் அதைத் தாண்டிச் செல்ல இயலாது.

அடையாள அட்டை எண்ணும் அப்படியே. பிறந்த ஆண்டின் ஈரிலக்கத்தில் தொடங்குவதால் 2000 முதல் 2009 வரை பிறந்தோரின் எண்கள் 0-வில் தொடங்கும். அதை எண்ணாகச் சேமித்தால் முன்னிற்கும் சுழியம் உதிர்ந்து 12 இலக்கம் குறைந்துவிடும். பொதுப் பதிவு வாய் திறவாது. வகுப்புசார் மதிப்பீட்டின் அடைவுநிலைக் கட்டத்தில் 7 என்று தட்டினாலும் பெற்றுக்கொள்ளும். 6-க்கு மேல் நிலையே இல்லை என்பதை அதற்கு யார் சொல்வது?

பெயர் நமக்கு இன்னும் நெருக்கமானது. நமக்குக் குடும்பப்பெயர் இல்லை. 'அ/லெ', 'அ/பெ' என்பதற்குப் பின் வருவது தந்தை பெயர். கடைசிச் சொல்லைக் குடும்பப்பெயராகக் கொள்ளும் நிரல், பிள்ளையைத் தந்தை பெயரால் வரிசைப்படுத்தி, கடிதத்திலும் அவ்வாறே விளிக்கும். பொதுப் பதிவை மட்டும் நம்பினால் இத்திருத்தத்தை ஒவ்வொரு திரையிலும் தனித்தனியே எழுத வேண்டும். வருகைப்பதிவில் திருத்துவோம், நற்சான்றிதழில் விட்டுவிடுவோம். பரிசளிப்பு நாளில் மேடையேறும் சிறுமியைத் தந்தை பெயர் சொல்லி அழைப்பது சிறிய பிழையா?

அனைத்துக்கும் கிளாஸ் எழுதுங்கள் என நான் வற்புறுத்தவில்லை. மார்ட்டின் பவுலர் 2002-இல் வெளியிட்ட மென்பொருள் வடிவமைப்பு நூலிலும் இருவகை முறைகளும் இடம்பெற்றுள்ளன. மாணவன், மதிப்பீடு, வருகை ஆகிய மூன்றுக்கும் கட்டாயம் எழுதுங்கள். சிற்றுண்டிச்சாலை விலைப்பட்டியலையும் நூலகத்து நாற்காலிக் கணக்கையும் திரையில் காட்டப் பொதுப் பதிவே தாராளம். அவற்றுக்கும் கிளாஸ் எழுதிக்கொண்டு விடுமுறையை வீணாக்க வேண்டாம்.