மூளை–கணினி இடைமுகமும் மாற்றுத்திறனாளிகளின் பயணமும்: எங்கள் நிலைப்பாடு

நினைத்தாலே நகரும் சக்கர நாற்காலி பற்றிச் செய்தி வரும்போதெல்லாம், "இனி உங்களுக்கு என்ன கவலை?" என்று கேட்கிறார்கள். மாற்றுத்திறனாளிப் பயணிகளின் அமைப்பு என்ற முறையில் எங்கள் பதில் இது.

மூளையின் சமிக்ஞையைப் படித்துக் கருவியை இயக்கும் இந்த மூளை–கணினி இடைமுகத் தொழில்நுட்பத்தை வரவேற்கிறோம். 2022இல் வெளியான ஓர் ஆய்வில், கைகால் செயலிழந்த மூவர் தலையில் மின்முனைத் தொப்பி அணிந்து சக்கர நாற்காலி ஓட்டப் பழகினார்கள். கையை அசைப்பதாக, காலை அசைப்பதாக மனத்தில் எண்ணுவார்கள்; நாற்காலி திரும்பும். அறுவைச் சிகிச்சை கிடையாது. ஆனால் பழகவே மாதக்கணக்கில் ஆனது. தடைகளைக் கண்டு விலக நாற்காலியிலேயே உணர்கருவிகளும் இருந்தன. ரயில்வே நடைமேடையின் நெரிசலில் ஓட்டுவது இதைவிடக் கடினம்.

விமானப் பயணத்தைப் பாருங்கள். நம் நாற்காலியை வாங்கிச் சாமான்களோடு அனுப்பிவிடுகிறார்கள். இருக்கை வரிசைகளுக்கு நடுவே நுழைய, ஒடுங்கிய வேறொரு நாற்காலியில் பெல்ட் போட்டு, இருவர் தள்ளிக்கொண்டு போகிறார்கள். தலைக்குள் எத்தனை மின்முனை இருந்தென்ன, ஓட்டுவதற்கு நாற்காலி நம்மிடம் இல்லையே! இறங்கிய இடத்தில் அது உடையாமல் வந்து சேர்ந்தால் அதிர்ஷ்டம்.

ஆகவே, எதிர்காலக் கருவியைக் காட்டி இன்றைய சாய்தளத்தைத் தள்ளிப்போடுவதை ஏற்க மாட்டோம். பேருந்தும் ரயிலும் விமானமும் எங்களுக்கு எட்ட வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41ஆம் பிரிவு. அணுகல் தரநிலைகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

அந்தக் கருவி வரும் நாளுக்கும் எங்கள் கோரிக்கைகள் உண்டு. மூளைக்கருவி அணிந்தவருக்கு அது சாமான் அல்ல, உடலின் பகுதி. பாதுகாப்புச் சோதனையில் அவர் ஒப்புதல் இல்லாமல் அதைக் கழற்றவோ அணைக்கவோ சொல்லக் கூடாது. அது பதிவுசெய்யும் மூளைத் தரவு பயணச்சீட்டு நிறுவனத்துக்கோ விமான நிலையத்துக்கோ போகக் கூடாது. சிலி நாடு 2021இலேயே மூளைச் செயல்பாட்டுக்கு அரசமைப்பில் பாதுகாப்பு தந்தது. 2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், முன்னாள் செனட்டர் ஒருவரின் மூளைத் தரவை அழிக்கும்படி ஒரு நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. இங்கும் அப்படியொரு சட்டம் வேண்டும்.

கருவியை உருவாக்குபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அறிமுக விழாவுக்கு எங்களைக் கூப்பிடுகிறீர்கள், மகிழ்ச்சி. மேடைக்குச் சாய்தளம் போட்டுவிட்டுக் கூப்பிடுங்கள்.