முதல் பெயர் குளோரிந்தா

பெண்கள் சபையில் பேசக்கூடாதுன்னு பவுலே சொல்லிட்டார், அப்புறம் என்ன பேச்சு என்கிறார்கள். சரி. அதே பவுல் ரோமர் 16-இல் பெபேயாளைச் சபையின் ஊழியக்காரி என்கிறாரே, அந்தப் பக்கத்தை மட்டும் ஏன் புரட்டுவதில்லை?

நெல்லைக்காரர்களுக்கு அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம், பாளையங்கோட்டை போதும். 1778-இல் ஞானஸ்நானம் பெற்ற மராத்திய பிராமண விதவை குளோரிந்தா. 1780-இல் எழுதிய சபைப் பதிவேட்டின் 40 பேரில் முதல் பெயர் அவருடையது. அவர் கட்டிய ஆலயம் 1785-இல் பிரதிஷ்டையானது. ஒரு பெண் தொடங்கி வைத்த சபை இது.

தென்னிந்தியத் திருச்சபை 1976-இலேயே பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்துவிட்டது. 2013-இல் நந்தியாலில் புஷ்பலலிதா பேராயரானார். சட்டம் மாறியாச்சு. மாறாதது வீடு. ‘புருஷன்தான் தலை’ என்று அடுக்களையில் பழக்கியதையே கமிட்டிக்கும் கொண்டுவருகிறோம். அசனத்துக்குக் காய் வெட்ட, ஓய்வுநாள் பள்ளி நடத்த, காணிக்கை போட அம்மாமார் வேண்டும். கணக்குக் கேட்கும் நாற்காலி என்றதும் வசனம் ஞாபகம் வந்துவிடும். ‘ஐயரம்மா’ என்றால் ஐயரின் மனைவி என்றே நாக்கும் பழகிவிட்டது.

திருமண்டலத் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருவார்கள். வசனம் பேசவிடாதீர்கள். உங்க அணியில பொம்பளைங்க எத்தனை பேருன்னு மட்டும் கேளுங்க.