கைடு போனால் போகட்டும், ஹெட்டைக் காப்பாற்றுங்கள்!

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவன் கதை எல்லோருக்கும் தெரியும். பழைய புல்லட்டின் வால்வு கைடை மாற்றுகிறேன் என்று சிலிண்டர் ஹெட்டையே கெடுத்துக்கொள்வதும் அதே கதைதான்.

அது என்ன வால்வு கைடு? புல்லட் போன்ற ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோல் கலவை உள்ளே வர ஒரு வால்வு, புகை வெளியே போக ஒரு வால்வு. காளான் மாதிரி இருக்கும். அதன் தண்டு மேலும் கீழும் ஓடுகிற சின்னக் குழாய்தான் கைடு. இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் ஒவ்வொரு வால்வும் 1500 தடவை இந்தக் குழாய்க்குள் ஏறி இறங்கும். வால்வை நேராக நிறுத்துவதோடு, அதன் சூட்டை ஹெட்டுக்குக் கடத்துவதும் கைடின் வேலை. (பழைய யெஸ்டி, ராஜ்தூத் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. டூ ஸ்ட்ரோக்கில் இப்படி வால்வே கிடையாது!)

தண்டுக்கும் கைடுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி இன்லெட் பக்கம் சுமார் 0.05 மி.மீ.; எக்ஸாஸ்ட் பக்கம் கொஞ்சம் கூடுதல். கைடு தேய்ந்தால் இது பெருகும். வால்வு ஆடும், சீட்டில் சரியாக உட்காராது, ஆயில் கீழே இறங்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் குபுக்கென்று நீலப்புகை, இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு மறுபடி திருகினால் இன்னொரு குபுக்... இதுதான் அடையாளம்.

தேய்மானம் குற்றமல்ல. தேய்வதற்காகவே செய்த பாகம் அது. குற்றம் அடுத்து நடப்பதில் இருக்கிறது. ஹெட்டைக் கழற்றி, பெஞ்சில் கவிழ்த்து, ஒரு கம்பியை வைத்துச் சுத்தியலால் நாலு போடு. கைடு வெளியே வந்துவிடும். கூடவே ஹெட்டின் துளையையும் கீறிக்கொண்டு வரும்.

பெயரென்னவோ காஸ்ட் அயர்ன் புல்லட். ஆனால் சிலிண்டர் பேரல்தான் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். கைடு கெட்டியான உலோகம், துளை மிருதுவான உலோகம். அடித்தால் யார் தோற்பார்கள்? கைடின் வெளி நுனியில் படிந்த கரியைச் சுரண்டாமல் தட்டினால் அந்தக் கரியே உப்புத்தாள் மாதிரி துளையைத் தேய்க்கும். துளை பெரிதானால் லேத்தில் பருமனான கைடு கடைந்து அடிக்க வேண்டும். அடுத்த தடவை இன்னும் பருமன். எத்தனை தடவைக்கு ஹெட்டில் சதை இருக்கும்?

இதற்கு மருந்து பள்ளிக்கூட இயற்பியலிலேயே இருக்கிறது. ஒரே சூட்டுக்கு அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல இரண்டு மடங்கு விரியும். 14 மி.மீ. துளையுள்ள ஹெட்டை 150 டிகிரி சூடேற்றினால் துளை சுமார் 0.05 மி.மீ. அகலும். கைடு இறுகி நிற்பதே பெரும்பாலும் அந்த அளவு வித்தியாசத்தில்தான். புதுக் கைடை ஃபிரிட்ஜின் ஐஸ் அறையில் வைத்து எடுத்தால் கிட்டத்தட்டத் தானாகவே உள்ளே போகும். சுத்தியலுக்கு வேலை குறைவு. பிறகு ரீமர் போட்டு, புதிய மையத்துக்கு ஏற்ப வால்வு சீட்டையும் வெட்ட வேண்டும். சீட்டை விட்டுவிட்டுக் கைடை மட்டும் மாற்றினால் பாதி வேலைதான்.

இதைவிடச் சாதுவான வழியும் உண்டு. கைடை எடுக்காமலே, உள்ளே ரீமர் விட்டு அகலப்படுத்தி, அரை மி.மீ. அளவுக்கு மெல்லிய வெண்கல லைனரைச் செருகி, தண்டுக்கு ஏற்ற அளவுக்குக் கொண்டுவருவது. ஹெட்டின் துளையை யாரும் தொடுவதே இல்லை. "இது ஒட்டுப்போடுகிற வேலை" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சட்டைக்குத்தான் ஒட்டு அசிங்கம்! எண்ணெய் குறைவாகக் கிடைக்கும் இடத்தில் எஃகுத் தண்டோடு உராய வெண்கலம் நல்ல உலோகம்.

ஆனால் லைனர் சர்வரோக நிவாரணி அல்ல. கைடு விரிசல் விட்டிருந்தாலோ, ஹெட்டுக்குள்ளேயே தளர்ந்து ஆடினாலோ மாற்றித்தான் ஆக வேண்டும். ரீமரைப் பழைய மையத்திலேயே பிடிக்கும் ஜிக் இல்லாத பட்டறையில் லைனர் போடுவதும் ஆபத்து. முதலில் அளந்து பார்த்துவிட்டு, கைடு ஹெட்டுக்குள் உறுதியாக இருந்தால் லைனர், இல்லையென்றால் சூடேற்றி மாற்றம். இந்த வரிசைதான் நியாயம்.

மெக்கானிக்கை மட்டும் திட்டுவதிலும் அர்த்தமில்லை. "சாயங்காலம் வண்டி வேணும், ஐநூறுக்குள்ள முடிங்க" என்று நிற்பது யார்? சூடேற்றவும் அளக்கவும் சீட் வெட்டவும் நேரம் வேண்டும். அந்த நேரத்துக்குக் கூலி கொடுக்காதவர், சுத்தியலைத்தான் விலைக்கு வாங்குகிறார்.

1955-இல் சென்னையில் தொடங்கிய புல்லட்டின் இந்தியக் கதையில், புதிய இன்ஜின் வந்தபின் பழைய காஸ்ட் அயர்ன் இன்ஜின் ஓய்வு பெற்றது. அப்பா ஓட்டி, மகன் கைக்கு வந்த வண்டிகள் எத்தனையோ இருக்கின்றன. கைடு ஜி.பி. ரோட்டில் கிடைக்கும். ஆனால் அந்த வண்டியோடு பிறந்த ஹெட் எந்தக் கடையிலும் கிடைக்காது. அடுத்த முறை பட்டறையில் சுத்தியலை ஓங்குவதைப் பார்த்தால், "அண்ணே, சூடு பண்ணிட்டீங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை!