அடுப்புக்குப் பழகிய வாயு



“காலடியில் எரிவாயு இருக்கும்போது அதை மூடிவைத்துவிட்டு வெளியிலிருந்து காசு கொடுத்து வாங்குகிற நாடு உண்டா சார்?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். உண்டு. நெதர்லாந்து.

அந்நாட்டின் வடகோடியில் குரோனிங்கன் மாநிலம். 1959-இல் ஸ்லோக்டரன் பக்கம் ஒரு விவசாயியின் வயலில் துளை போட்டார்கள். அடியில் கிடந்தது சுமார் 2,80,000 கோடி கன மீட்டர் எரிவாயு; ஐரோப்பாவில் அவ்வளவு பெரிய எரிவாயு வயல் வேறில்லை. நிலக்கரிச் சுரங்கங்களை ஒவ்வொன்றாக மூடினார்கள். வீடு வீடாகக் குழாய் போயிற்று.

எனக்குப் பிடித்த சங்கதி இனிமேல்தான். அந்த வாயுவில் சுமார் 14 சதவீதம் நைட்ரஜன். அதனால் சூடு சற்று மட்டு. நாட்டிலுள்ள அடுப்பு, பாய்லர் எல்லாமே அந்தச் சூட்டுக்கென்று செய்தவை. இன்று நார்வேயிலிருந்து குழாயிலும், கப்பலில் திரவமாக்கிய எல்.என்.ஜி.யாகவும் வருவது சூடு கூடிய சரக்கு. அப்படியே விட்டால் பழைய அடுப்பில் சரியாக எரியாது, கார்பன் மோனாக்சைடு கிளம்பும். எனவே காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரித்தெடுத்து அதில் கலக்கிறார்கள். கெட்டிப் பாலை வாங்கித் தண்ணீர் ஊற்றுவதற்கென்றே ஆலை கட்டிய கதை!

சரி, இந்த எரிவாயு வயலை ஏன் மூடினார்கள்? வாயுவை உறிஞ்ச உறிஞ்ச அடியிலுள்ள மணற்பாறை அமுங்கி, நிலம் நடுங்கத் தொடங்கியது. 2012 ஆகஸ்டில் ஹைசிங்க என்ற சிற்றூரில் வந்த நடுக்கம் 3.6 ரிக்டர்தான். ஆனால் அது கிளம்பியது சுமார் மூன்றே கிலோமீட்டர் ஆழத்தில். செங்கல் வீடுகள் விரிசல் விட்டன. சாயும் சுவர்களுக்கு மரக்கட்டை முட்டுக் கொடுத்து மக்கள் உள்ளே குடியிருந்தார்கள். அவர்கள் நலன் ஆண்டுக்கணக்கில் புறக்கணிக்கப்பட்டது என்று 2023-இல் நாடாளுமன்ற விசாரணைக் குழுவே சொன்னது. காசு வந்துகொண்டிருந்தவரை யாருக்குக் காது கேட்கும்?

2022-இல் ரஷ்ய வாயு பெருமளவு நின்று ஐரோப்பா பதறியபோது, குரோனிங்கனைத் திறவுங்கள் என்ற குரல்கள் எழுந்தன. அரசு அசையவில்லை. 2023 அக்டோபர் 1-இல் உற்பத்தி நின்றது; அடுத்த ஆண்டு அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். அடியில் இன்னும் ஏராளமான வாயு இருக்கிறது. மேலே வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்