தார் பூசினால் துரு சாகாது

பாம்பனில் 2025 ஏப்ரலில் புது ரயில் பாலம் திறந்ததிலிருந்து ஒரு பேச்சு மறுபடி கிளம்பியிருக்கிறது. "வெள்ளைக்காரன் காலத்து இரும்பு, கடலுக்கு நடுவுல நூறு வருசம் நின்னுச்சுல்ல" என்று பழைய பாலத்தைக் காட்டுகிறார்கள். அதே மூச்சில், கொட்டகையில் நிற்கும் அம்பாசடருக்கும் நற்சான்று கொடுத்துவிடுகிறார்கள். பழைய வண்டி கெட்டித் தகடு, அடிச்சட்டம் கொஞ்சம் அரித்திருந்தாலும் மேலே ஒரு பேட்ச் வைத்துப் பற்றவைத்துத் தார் அடித்துவிட்டால் போதும் என்று விற்கிறவர், வாங்குகிறவர், பட்டறைக்காரர் மூவருமே நம்புகிறார்கள். உயிரை எடுக்கக்கூடிய நம்பிக்கை இது. இவர்கள் சாட்சிக்கு இழுக்கும் பாலமே இவர்களுக்கு எதிராகத்தான் பேசுகிறது. 1914இல் திறந்த அந்தப் பாலம் தன் இரும்பின் பெருமையால் நிற்கவில்லை. சுரண்டுவதும் பெயிண்ட் அடிப்பதும் அரித்த உறுப்பை மாற்றுவதும் தலைமுறை தலைமுறையாக நடந்ததால் நின்றது. அப்படியும் தூக்குப் பகுதி அரித்துப்போய் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டி வந்தது.

இத்தனைக்கும் பாலத்தின் துரு கண்ணுக்குத் தெரியும் துரு. காரின் துரு அப்படியல்ல. ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கும் ஜீப்புக்கும் சேஸிஸ் தனியாக உண்டு. போல்ட்டைக் கழற்றி பாடியைத் தூக்கினால் சட்டம் முழுதாகக் கண்ணில் படும். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்த அம்பாசடருக்குத் தனிச் சேஸிஸே கிடையாது. தரைத் தகட்டோடு சேர்த்துப் பற்றவைத்த பெட்டிச் சட்டங்கள்தான் வண்டியைத் தாங்குகின்றன. பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கின் கொக்கி பிடித்திருப்பதும் அவற்றில்தான். பெட்டிக்குள் புகுந்த தண்ணீரும் சேறும் வெளியேற அடியில் சிறு ஓட்டைகள் இருக்கும். அவை அடைபட்டால் ஈரம் உள்ளேயே தங்கி, தகட்டை உள்ளிருந்து தின்னும். வெளியே பளபளவென்று இருக்கும்போதே உள்ளே பாதி போயிருக்கும். இந்த நிலையில் ஒருவர் வந்து அடிமுழுக்கத் தார் பூசுகிறார். மிச்சமிருந்த ஓட்டைகளும் அடைகின்றன. துருவுக்கு இதைவிட நல்ல வீடு யாரும் கட்டித் தர முடியாது. அதன்மேல் வைக்கிற பேட்ச்சோ இன்னும் மோசம். அரித்து மெலிந்த தகட்டில் ஆர்க் வைத்தால் விளிம்பு உருகி ஓட்டையாகும். இல்லையென்றால் துருவின் மேல் ஒட்டிக்கொண்டு வலுவே இல்லாமல் கிடக்கும். பழைய தகட்டுக்கும் புதுத் தகட்டுக்கும் நடுவில் ஈரம் தங்க ஓர் இடுக்கும் கிடைத்துவிடுகிறது.

அடிச்சட்டத்தைச் சரிசெய்ய முடியாது என்று நான் சொல்லவில்லை. தாராளமாக முடியும், செய்கிற விதத்தில் செய்தால். பாயைத் தூக்கிப் போட்டு, தாரை முழுக்கச் சுரண்டி எடுத்து, சட்டத்தைச் சிறு சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இரும்பு 'ணங்'கென்று பேசும். அரித்த இடம் 'பொத்'தென்று அமுங்கும், செதில் செதிலாகக் கொட்டும். 'ணங்' கேட்கிற இடம்வரை வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டும் முன் கதவுத் திறப்புகளுக்குக் குறுக்கே ஆங்கிள் வைத்து முட்டுக்கொடுத்து, மூலைக்கு மூலை அளவு எடுத்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் ஜாக்கியில் தூக்கி வெட்டிவிட்டு, பிறகு கதவு ஏன் சாத்தவில்லை என்று கீலைக் குறைசொல்வதில் அர்த்தமில்லை. அதே கனத் தகட்டை அதே வடிவில் மடக்கி, விட்டுவிட்டுப் பற்றவைத்து, பெட்டியின் உள்பக்கமும் பிரைமர் போய்ச் சேருகிறதா என்று பார்த்து, நீர் வடியும் ஓட்டைகளைத் திறந்தே விட வேண்டும். செலவு அதிகம் என்பார்கள். ஒரே இடத்தில் மூன்று முறை பேட்ச் போட்டவர் அந்த மூன்று பில்லையும் கூட்டிப் பார்க்கட்டும்.

அடுத்ததாக டெல்லி இரும்புத் தூணைக் கொண்டுவருவார்கள். ஆயிரத்து அறுநூறு ஆண்டு துருப்பிடிக்காத இரும்பு நம்முடையதாயிற்றே என்பார்கள். அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அது மேற்பரப்பில் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கியது என்று கான்பூர் ஐஐடியின் ஆர். பாலசுப்ரமணியம் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அது கனத்த திட இரும்பு, வறண்ட ஊரில் நிற்கிறது. உள்ளே வெற்றிடம் வைத்து மடக்கிய மெல்லிய உருக்குத் தகட்டுக்கும் அதற்கும் என்ன உறவு? நமக்குப் பக்கத்தில் இருக்கும் சான்று பாம்பன்தான், அதில் துரு ஜெயித்தது. எங்கள் காரைக்குடியில் கடல் இல்லையே என்பது கடைசி வாதம். தொண்டிக்கும் ராமேஸ்வரத்துக்கும் போய்வந்த வண்டி உப்பைச் சக்கரத்தோடு ஏற்றிக்கொண்டுதான் ஊர் திரும்புகிறது. போகாத வண்டிக்கும் ஐப்பசி, கார்த்திகை மழை போதும்.

வேறு ஊர்க்காரர் இதை நம்பினால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரி இருக்கும் ஊர் இது. உலோக அரிமானத்தை ஆராய்வது அந்த நிறுவனத்தின் முக்கிய வேலைகளில் ஒன்று. கடற்காற்றில் உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்க்க மண்டபத்தில் சோதனைக்களமே வைத்திருக்கிறார்கள். அந்த அறிவு கல்லூரிச் சாலையைத் தாண்டிப் பட்டறைக்கு வரவில்லை. எங்கள் ஊரின் பழைய பங்களாக்களுக்குள்ளும் வரவில்லை. இரும்பு உத்தரம் துருப்பிடித்துப் பருத்துச் சுண்ணாம்பைப் பிளக்கும்போது, பிளந்த இடத்தில் சிமென்ட்டை அப்பி வெள்ளையடிக்கிறோம். இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும் துரு அடுத்த மழைக்குள் அதையும் தள்ளிவிடுகிறது. பிறகு வீடு தாங்காது என்று சொல்லி, தேக்குத் தூண்களைப் பழம்பொருள் கடைக்கு அனுப்பிவிடுகிறோம்.

சொந்தக் காருக்குப் பதினைந்து ஆண்டு முடிந்தால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான சோதனைக்குப் புதுத் தார் பூசிக்கொண்டு வரும் வண்டியைத் திருப்பி அனுப்ப வேண்டும். சுரண்டிய அடிப்பாகத்தோடு வரட்டும். சட்டத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சான்று கொடுக்கட்டும்.