கடவுள் போனார், வசவு போகவில்லை

கால்பந்து ஆட்டம் பார்க்கக் கூடுகிற கூட்டம் எதிர்க் கட்சியாரை வாய்க்கு வந்தபடி வைவதும், பதினாயிரக்கணக்கான பேர் ஒரே குரலாய் வசைப்பாட்டுப் பாடுவதும் மேல்நாடுகளில் வெகு காலமாய் நடந்துவரும் வழக்கமாகும். இதை யாராவது கண்டித்தால் ஆட்டப் பிரியர்கள் ஒரு சமாதானம் வைத்திருக்கிறார்கள். "வாரமெல்லாம் உழைத்தவன் ஒன்றரை மணி நேரம் வாய்விட்டுக் கத்திவிட்டு வீட்டுக்குப் போகிறான், இதில் யாருக்கு என்ன நஷ்டம்?" என்பதே அந்தச் சமாதானம். பந்தைக் கோட்டைவிட்டவனைப் பார்த்து "காலை வீட்டில் வைத்துவிட்டு வந்தாயா?" என்றும், நடுவரைப் பார்த்து "எவ்வளவு வாங்கினாய்?" என்றும் கேட்பதோடு காரியம் நின்றுவிடுமானால், நாமும் இதைப்பற்றி எழுத வேண்டிய அவசியம் ஏற்பட்டிருக்காது. ஆனால் கூட்டம் வைகிற வசவு ஆட்டத்தைப் பற்றியதா, ஆளுடைய பிறப்பைப் பற்றியதா என்று பிரித்துப் பார்த்தால்தான் விஷயத்தின் யோக்கியதை விளங்கும். அப்படிப் பிரித்துப் பார்ப்பதற்கு ஸ்காட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரத்தைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

கிளாஸ்கோவில் இரண்டு பெரிய கால்பந்துக் கழகங்கள் உண்டு. ஒன்று 1872-ல் சில வாலிபர்கள் சேர்ந்து ஆரம்பித்த ரேஞ்சர்ஸ். மற்றொன்று செல்டிக். இது 1887-ல் வால்பிரிட் என்ற கத்தோலிக்கத் துறவி, அந்நகரின் கிழக்குப் பகுதியில் பட்டினி கிடந்த ஏழைக் குழந்தைகளுக்குச் சோறு போடப் பணம் திரட்டுவதற்காக ஏற்படுத்தியது. அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி 1845 முதல் சில ஆண்டுகள் நீடித்த பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். இன்னும் பல லட்சம் பேர் பிழைப்புத் தேடி நாட்டைவிட்டுப் போனார்கள். அப்படிக் கிளாஸ்கோவுக்கு வந்து கூலிவேலை செய்தவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். உள்ளூர்க்காரர்கள் பெரும்பாலும் புரொட்டஸ்டண்டுகள். 1888 மே மாதத்தில் இரண்டு கழகங்களும் முதன்முதலாக ஆடியபோது செல்டிக் 5-க்கு 2 என்று ஜெயித்தது. அது சிநேக ஆட்டமாகவே நடந்தது. பகைமையெல்லாம் பின்னால் வந்து சேர்ந்ததுதான். கூலி வேலைக்கு ஏற்பட்ட போட்டியும், அயர்லாந்து அரசியல் சண்டையும், இரு மதத்துப் பாதிரிமாரின் உபதேசமும் சேர்ந்து ரேஞ்சர்சைப் புரொட்டஸ்டண்டுக் கழகமாகவும் செல்டிக்கைக் கத்தோலிக்கக் கழகமாகவும் ஆக்கிவிட்டன. இரண்டையும் சேர்த்து ஜனங்கள் "ஓல்டு பர்ம்", அதாவது "பழைய கம்பெனி" என்று அழைத்தார்கள். பகைமை இருக்கும்வரைதான் டிக்கட்டு விற்கும் என்பது தெரிந்து வைத்த பெயர் போலும்!

இந்த இரண்டு கூட்டத்தாரும் ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளவே பிறந்தவர்கள் என்று நினைக்கிறவர்களுக்கு 1909-ம் வருஷத்துச் சம்பவம் ஒன்றைச் சொல்லுவோம். அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் ஸ்காட்டிஷ் கோப்பைக்கான கடைசி ஆட்டம் ஹாம்ப்டன் மைதானத்தில் வெற்றி தோல்வியில்லாமல் முடிந்தது. மறுபடியும் ஆடினார்கள், அதுவும் சமமாகவே முடிந்தது. கூடுதல் நேரம் ஆடுவார்கள் என்று காத்திருந்த ஜனங்களுக்கு, மூன்றாம் தடவையும் வசூல் பண்ணுவதற்காகவே இப்படிச் செய்கிறார்களோ என்ற சந்தேகம் பிறந்தது. உடனே இரண்டு கட்சியாரும் ஒன்றாக மைதானத்தில் இறங்கி, டிக்கட்டுக் கொட்டகைகளுக்குத் தீ வைத்து, போலீசாரையும் தீயணைக்க வந்தவர்களையும் தாக்கினார்கள். அவ்வருஷம் கோப்பை யாருக்குமே கொடுக்கப்படவில்லை. இந்தக் கலகத்தை நாம் மெச்சவில்லை. ஆனால் தங்கள் மடியில் கை வைக்கப்பட்டதாக நினைத்த அந்த ஒரு நாளில் கத்தோலிக்கனும் புரொட்டஸ்டண்டும் ஒரே கட்சியாய் நின்றார்கள் என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். பிறவிப் பகை என்பது உண்மையானால் அன்றைக்கு மட்டும் அது எங்கே போயிற்று?

நிற்க, இவர்கள் வைகிற வசவுகளைச் சற்றுப் பார்ப்போம். ஒரு பக்கத்தார் கத்தோலிக்கரைப் "பீனியன்" என்பார்கள். பழைய அயர்லாந்து விடுதலைக் கட்சியாருடைய அந்தப் பெயர் கிளாஸ்கோவில் கத்தோலிக்கனாய்ப் பிறந்தவனுக்கெல்லாம் வசவாகிவிட்டது. மறுபக்கத்தார் ரேஞ்சர்ஸ்காரரை "ஹன்" என்பார்கள். அது பழங்காலத்துக் காட்டுமிராண்டிக் கூட்டம் ஒன்றின் பெயர். ஒரு கட்சியார் 1690-ல் பாயின் ஆற்றங்கரையில் புரொட்டஸ்டண்டு அரசன் கத்தோலிக்க அரசனை முறியடித்த கதையைப் பாடி, எதிரிகள் சிந்திய இரத்தத்தைப் பெருமை பேசுவார்கள். எதிர்க் கட்சியார் அயர்லாந்து ஆயுதக் கூட்டத்தாரின் புகழைப் பாடுவார்கள். இப்படிப் பாடியதற்காக ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் 2011-ல் இரண்டு கழகங்களுக்குமே அபராதம் போட்டது. முந்நூறு வருஷத்துக்கு முன் எந்த ராஜா எந்த ராஜாவை விரட்டினால், இன்று கோல் போட வேண்டியவன் காலுக்கு அதனால் என்ன பலம் வந்துவிடும் என்று கேட்கிறோம்.

2008 வாக்கில் ரேஞ்சர்ஸ் கூட்டத்தில் ஒரு புதுப்பாட்டுப் பரவியது. மேலே சொன்ன பஞ்சத்தையே குத்திக்காட்டி, அயர்லாந்து வம்சத்தாரை ஊரைவிட்டுப் போகச் சொல்லுகிற பாட்டு அது. 2009-ல் ஸ்காட்லாந்து மேல்கோர்ட்டு அதை இன வெறுப்புப் பாட்டு என்றே தீர்ப்புச் சொல்லிற்று. பசியால் செத்தவனுடைய சந்ததியைப் பார்த்து அந்தப் பசியையே சொல்லி ஏளனம் செய்வதற்கு மத உணர்ச்சி என்ற போர்வையைத் தவிர வேறெது இடங்கொடுக்கும்?

சரி, இப்படி இழிவுபட்டவர்களாவது பிறரை இழிவுபடுத்தாமல் இருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. 1988 ஜனவரி 2-ந் தேதி மார்க் வால்ட்டர்ஸ் என்ற கறுப்பு ஆட்டக்காரர் ரேஞ்சர்சுக்காக முதல்முறையாக, அதுவும் செல்டிக் மைதானத்தில், ஆட வந்தார். செல்டிக் கூட்டத்தில் பலர் அவர்மேல் வாழைப்பழங்களை எறிந்து குரங்குபோல் சத்தமிட்டார்கள். தலைமுறை தலைமுறையாகப் பிறப்பைச் சொல்லி வசவு வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகளில் சிலர், தங்களுக்குக் கீழே ஒருவன் கிடைத்தவுடன் அதே கம்பை அவன்மேல் ஓங்கினார்கள். ஜாதிப் படிக்கட்டின் தன்மை தெரிந்த நம் தோழர்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமா?

பிறப்பைக் கொண்டு பகை வைப்பது எவ்வளவு மடத்தனம் என்பதை அந்த மைதானங்களே காட்டியிருக்கின்றன. 1931 செப்டம்பர் 5-ந் தேதி செல்டிக்கின் கோல் காப்பாளர் ஜான் தாம்சன் என்ற 22 வயது வாலிபர், பந்தைப் பிடிக்கப் பாய்ந்தபோது ரேஞ்சர்ஸ் வீரர் சாம் இங்கிலீஷின் காலில் தலை மோதி அன்றிரவே இறந்துபோனார். கத்தோலிக்கக் கழகத்துக்காக உயிர்விட்ட தாம்சன் புரொட்டஸ்டண்டு. அது தற்செயலான விபத்து என்று விசாரணையில் ஏற்பட்டும், கூட்டம் இங்கிலீஷை விடாமல் அந்தச் சாவைச் சொல்லியே ஏசி வந்தது. 1967-ல் செல்டிக் ஐரோப்பியக் கோப்பையை ஜெயித்தபோது அதற்கு மேனேஜராயிருந்த ஜாக் ஸ்டீனும் புரொட்டஸ்டண்டுதான். ரேஞ்சர்ஸ் கழகமோ கத்தோலிக்கர் என்று வெளிப்படையாகத் தெரிந்த பெயர்பெற்ற ஆட்டக்காரர் ஒருவரையும் பல பத்தாண்டுகளாகச் சேர்க்காமலிருந்து, 1989 ஜூலையில்தான் மோ ஜான்ஸ்டன் என்பவரை எடுத்தது. ரேஞ்சர்ஸ் ஆதரவாளர் சிலர் கழுத்துத் துணிகளையும் சீசன் டிக்கட்டுகளையும் கொளுத்தினார்கள். செல்டிக் பக்கத்தார் அவரைத் துரோகி என்று வைதார்கள். அவ்வருஷம் நவம்பரில் அந்த ஜான்ஸ்டனே கடைசி நேரத்தில் கோல் போட்டுச் செல்டிக்கைத் தோற்கடித்தார். அந்தக் கோலுக்கு எந்தக் கோயிலில் ஞானஸ்நானம் ஆயிற்று என்று ரேஞ்சர்ஸ் பக்கத்தார் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. நான்கே மாதங்களில் கரைந்துபோகக்கூடிய கட்டுப்பாட்டை முக்கால் நூற்றாண்டாகக் காத்துவந்தார்களே, இதற்கு என்ன பெயர்?

"யாருக்கு என்ன நஷ்டம்?" என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லுவோம். 1995 அக்டோபரில் செல்டிக் ஆட்டம் பார்த்துவிட்டு வீடு திரும்பிய 16 வயதுப் பள்ளிப் பிள்ளை ஒருவன், வழியில் ஒரு சாராயக் கடை வாசலில் கழுத்தறுத்துக் கொல்லப்பட்டான். 2011-ல் செல்டிக் மேனேஜர் நீல் லென்னனுக்கும் வேறு இருவருக்கும் தபாலில் வெடிகுண்டுப் பார்சல்கள் அனுப்பப்பட்டன. அதற்காக இருவர் தண்டனை அடைந்தார்கள். இவ்விரு கழகங்களும் மோதுகிற நாட்களில் வீட்டில் பெண்கள் அடிபடுகிற புகார்கள் அதிகமாவதைப் போலீஸ் கணக்கும் ஆராய்ச்சிக்காரர்களும் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். ஒன்றரை மணி நேரத்தோடு முடிந்துவிடும் என்று சொல்லப்படுகிற வசவு, மைதானத்துக் கதவைத் தாண்டி, வீதியைத் தாண்டி, வீட்டுக்குள் புகுந்து, ஆட்டத்தையே பார்த்திராத பெண்ணின் முதுகில் போய் விழுகிறது. நஷ்டம் இல்லையென்பவர் அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்லட்டும்.

இதைத் தடுக்க ஸ்காட்லாந்து சர்க்கார் 2012-ல் ஒரு தனிச் சட்டத்தை அமலுக்குக் கொண்டு வந்தது. மைதானத்தில் துவேஷப் பாட்டுப் பாடுகிறவர்களுக்கு 5 வருஷம்வரை சிறைத்தண்டனை விதிக்க அதில் இடமிருந்தது. எது துவேஷம், எது வெறும் கூச்சல் என்பதில் தெளிவில்லையென்றும், கால்பந்து பார்க்கிற சாதாரண ஜனங்களை மட்டும் குற்றவாளிகளாக்குகிறதென்றும் ஆட்சேபணைகள் எழுந்தன. கடைசியில் 2018 மார்ச்சில் அந்நாட்டுச் சட்டசபை 62-க்கு 60 என்ற ஓட்டில் அதை ரத்துச் செய்துவிட்டது. இதில் நமக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. சட்டம் வாயைப் பிடிக்கப் போயிற்று. அந்த வாய்க்குப் பாடம் சொல்லிக் கொடுத்த இடங்களை அது தொடவேயில்லை.

அந்த இடங்கள் எவை? முதலாவது பள்ளிக்கூடம். 1918-ம் வருஷத்துச் சட்டப்படி கத்தோலிக்கப் பள்ளிகள் தங்கள் மதத் தன்மையை வைத்துக்கொண்டே சர்க்கார் செலவில் நடக்க ஏற்பாடாயிற்று. ஒதுக்கப்பட்ட சமூகத்தார் தங்கள் பிள்ளைகளின் படிப்புக்கு அன்றைக்கு அப்படி ஒரு பாதுகாப்புக் கேட்டதில் நியாயமில்லையென்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் ஐந்து வயதுக் குழந்தைகளைப் பொதுப் பணத்தில் மதவாரியாகப் பிரித்து உட்காரவைத்துவிட்டு, பதினைந்து வயதில் அவர்கள் மைதானத்தில் எதிரெதிராக நின்று கத்தும்போது போலீசைக் கூப்பிடுவது என்ன புத்திசாலித்தனம்? இரண்டாவது, கழகங்களின் முதலாளிகள். கூட்டம் செய்கிற அக்கிரமத்துக்குக் கழகமே பொறுப்பாளி என்ற விதியை ஐரோப்பியச் சங்கம் தன் ஆட்டங்களில் வைத்திருக்கிறது. அதுபோன்ற விதி வேண்டுமென்ற யோசனை 2013-ல் ஸ்காட்லாந்தில் வந்தபோது, கழகங்கள் ஒட்டுமொத்தமாக அதை நிராகரித்துவிட்டன. கூட்டத்தின் காசு வேண்டும், கூட்டத்தின் பொறுப்பு மட்டும் வேண்டாம் என்றால் அது கோயில் தர்மகர்த்தாக்களின் நியாயமேயாகும். இந்தப் பக்திக்கும் பணத்துக்கும் உள்ள உறவு எவ்வளவு என்பதற்கு இன்னொரு திருஷ்டாந்தம்: ரேஞ்சர்சை நடத்திவந்த கம்பெனி 2012-ல் வரிபாக்கியாலும் கடனாலும் மூழ்கி, கழகம் நான்காம் படியிலிருந்து மறுபடி ஆடி வரவேண்டியதாயிற்று. எந்தக் கடவுளும் வந்து வரிபாக்கியைக் கட்டவில்லை.

இவற்றையெல்லாம்விட நாம் முக்கியமாய்ச் சொல்ல விரும்பும் சங்கதி ஒன்றுண்டு. ஸ்காட்லாந்தில் 2011-ம் வருஷத்து ஜனக் கணக்கில் தங்களுக்கு மதம் எதுவுமில்லை என்று எழுதிக்கொடுத்தவர்கள் 100-க்கு 36.7 பேர். 2022-ல் அது 51.1 ஆகிவிட்டது. அதாவது பாதிப் பேருக்கு மேல் மதத்தைக் கைவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையில் எந்தக் கோயில் வாசலையும் மிதிக்காத வாலிபன், ஆட்ட நாளில் மட்டும் போப்பை வைகிறான்; அல்லது புரொட்டஸ்டண்டு என்று சொல்லி எதிரியை வைகிறான். கடவுள் குடியிருந்த வீடு காலியாகிவிட்டது. அவர் வளர்த்த நாய் மட்டும் வாசலிலே நின்று போகிற வருகிறவர்களைக் குரைத்துக்கொண்டிருக்கிறது.

இதிலே நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. கடவுளை மறுத்துவிட்டோம், கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டோம் என்று நம்மில் சிலர் திருப்திப்பட்டுக்கொள்ளுகிறார்கள். அப்படிச் சொல்லுகிற தோழருக்குக் கோபம் வந்தால் வாயில் வருகிற முதல் வார்த்தை என்ன? எதிரியின் ஜாதிப் பெயரா? அவன் தாயாருடைய நடத்தையா? அவன் நிறமா? அவையே வருமானால், அவர் கடவுளை விட்டது வெறும் சிக்கனமேயொழியச் சுயமரியாதை ஆகாது. ஜாதியும் பெண்ணடிமையும் முதலில் குடியிருப்பது சாஸ்திரத்தில் என்றாலும், கடைசிவரை ஒளிந்திருப்பது வசவு வார்த்தைகளில்தான். சாஸ்திரத்தைக் கொளுத்திவிடலாம், வாயிலிருப்பதை அவனவனே துப்பினாலொழியப் போகாது.

ஆகவே, விளையாட்டு மைதானத்தில் யாரும் வாயைத் திறக்கக் கூடாதென்பது நம் அபிப்பிராயமல்ல. தன் கட்சி ஜெயிக்க வேண்டுமென்று தொண்டை கிழியக் கத்தட்டும். மோசமாய் ஆடியவனை மோசம் என்று சொல்லட்டும். மனிதன் தன் கையாலும் காலாலும் செய்த காரியத்துக்குத் திட்டு வாங்கலாம். அவன் செய்யாத காரியமாகிய பிறப்புக்கு அவனைத் திட்ட எவனுக்கும் உரிமை கிடையாது. அடுத்த தடவை ஆட்டக் களத்திலோ, தேர்தல் கூட்டத்திலோ, தெருச் சண்டையிலோ கூட்டத்தோடு கூட்டமாய் நின்று வாயைத் திறக்குமுன், வரப்போகிற வார்த்தை இந்த இரண்டில் எதைச் சேர்ந்தது என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பார்க்க வேண்டுமென்று தோழர்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.