பூட்டு திருடனுக்கா, வாங்கியவனுக்கா?

கம்ப்யூட்டர் விளையாட்டுகளைத் திருட்டுப் பிரதி எடுக்காதிருக்கப் பூட்டுப் போடுவது நியாயந்தானா என்ற வாதம் நெடுநாளாய் நடக்கிறது. உழைத்தவனுக்குக் கூலி வேண்டுமென்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் இந்தப் பூட்டின் யோக்கியதை என்ன? திருடன் அதை உடைத்துவிட்டுச் சுகமாய் விளையாடுகிறான். காசு கொடுத்தவனோ, இன்டர்நெட் அறுந்தால் தன் பொருளையே தொட முடியாமல் விழிக்கிறான். புளியறைச் சாவடியில் லாரியைச் சோதித்தால் அத்தோடு சரி. சோதித்தவர் வீடுவரை வந்து அடுப்படியில் உட்காருவதில்லை!

யூபிசாப்ட் கம்பெனி 2014-ல் விற்ற 'தி க்ரூ' ஆட்டம் எந்நேரமும் கம்பெனி சர்வரோடு கட்டிப்போட்டது. 2024 மார்ச்சு 31-ந் தேதி அந்த சர்வரை மூடினார்கள். வாங்கியவர்கள் அத்தனைபேர் கையிலும் அது செல்லாக்காசாயிற்று. நம் தேசத்தில் 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தில் 65ஏ பிரிவைச் சேர்த்து, உரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைப்பவனுக்கு 2 வருஷம் வரை சிறை என்றார்கள். விற்ற பொருளைத் திரும்பப் பறிப்பவனுக்கு என்ன தண்டனையென்று அதே பிரிவில் ஒரு வரியாவது உண்டா?

பூட்டில்லாவிட்டால் கம்பெனி அழிந்துபோகும் என்பார்கள். போலந்து தேசத்து சி.டி. ப்ராஜெக்ட் கம்பெனி 2015-ல் 'விட்சர் 3' ஆட்டத்தைத் தன் சொந்தக் கடையில் பூட்டில்லாமலே விற்றது. எல்லாக் கடைகளிலுமாக 5 கோடிப் பிரதிகளுக்குமேல் போயிற்றென்று 2023-ல் அதுவே சொல்லிற்று.

பின்னால் பறிக்கக்கூடிய டிஜிட்டல் சரக்கை, உள்ளதைச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்று விற்கக்கூடாதென்று கலிபோர்னியாவில் 2024-ல் சட்டம் செய்தார்கள். டில்லி சர்க்கார் அந்தமட்டுமாவது செய்யட்டுமே.